வாசகர் கேள்வி, ஆசிரியர் குழு பதில்: அக்ராவின் குரலும் ஆற்காட்டு நாக்கும்

சென்ற இதழில் கானா நாட்டின் செய்தி வாசிப்பாளர் கோம்லா டூமோரைப் பற்றிப் பத்து வரியில் ஒரு பெட்டிச் செய்தி வெளியிட்டிருந்தோம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து போய் பி.பி.சி. உலகத் தொலைக்காட்சியில் செய்தி வழங்கியவர், 41 வயதில் மறைந்தவர் என்ற அளவில்தான் அது இருந்தது. பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் அதற்குக் கடிதங்கள் வந்தன. பாதிக் கடிதங்கள் அவரைப் பற்றிக் கேட்டன. மீதி, அந்தத் தொழிலைப் பற்றி. இரண்டையும் கலந்தே பதில் சொல்கிறோம்.

கோம்லா டூமோர் எப்படி இந்த வேலைக்கு வந்தார்? எடுத்தவுடனே தொலைக்காட்சியில் சேர்ந்துவிட்டாரா? (கல்லூரி மாணவி, காட்பாடி)

இல்லை. அவர் தொடங்கியது வானொலியில், அதிலும் போக்குவரத்து நெரிசல் செய்தி சொல்வதில்.

1972 அக்டோபர் 3 அன்று கானாவின் தலைநகர் அக்ராவில் பிறந்தார். கானா பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் உளவியலும் படித்தார். பின்னாளில் ஹார்வர்டில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அக்ராவில் ஜாய் எஃப்.எம். என்ற தனியார் வானொலி உண்டு. காலை நேரத்தில் எந்தச் சாலையில் வண்டிகள் நிற்கின்றன, எந்த வழியாகப் போகலாம் என்று அதில் சொல்லிக்கொண்டிருந்தவர், அதே வானொலியின் பெரிய காலை நிகழ்ச்சியை நடத்துபவரானார். அமைச்சர்களையும் அதிகாரிகளையும் நேரலையில் நிறுத்திக் கேள்வி கேட்டார். 2003ஆம் ஆண்டுக்கான கானாவின் சிறந்த பத்திரிகையாளர் விருது கிடைத்தது.

2007இல் பி.பி.சி.யின் ஆப்பிரிக்கச் சேவையில் சேர்ந்தார். அங்கேயும் முதலில் வானொலிதான். 2009இல் பி.பி.சி. உலகத் தொலைக்காட்சி ஆப்பிரிக்க வணிகத்துக்கென்று ஒரு வார நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அதன் முதல் தொகுப்பாளர் அவர். பிறகு ‘ஃபோகஸ் ஆன் ஆப்பிரிக்கா’ என்ற அன்றாடச் செய்தி நிகழ்ச்சிக்கு முகமானார். 2013 டிசம்பரில் நெல்சன் மண்டேலாவின் இறுதிச் சடங்கை வழங்கினார். அடுத்த மாதமே, 2014 ஜனவரி 18 அன்று, லண்டனில் தம் வீட்டில் திடீரென்று இறந்தார். முந்தின நாள்கூட அந்தச் செய்தி நிகழ்ச்சியை வழங்கியிருந்தார். அவர் பெயரில் பி.பி.சி. 2015 முதல் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளருக்கு விருது தருகிறது. முதல் விருது உகாண்டாவின் நான்சி கச்சுங்கிராவுக்கு. 2023இல் அது கானாவுக்கே, பா க்வேசி அசாரேவுக்குப் போனது.

போக்குவரத்துச் செய்தியைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கையில் எழுதிய தாள் இருக்காது. கண்ணெதிரே நடப்பதை ஒழுங்காக அடுக்கி, இடத்தின் பெயரைச் சரியாகச் சொல்லி, 40 நொடியில் முடிக்க வேண்டும். நேரலைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நீங்களே செய்து பார்க்கலாம். மாலை 6 மணிக்கு வேலூர் கிரீன் சர்க்கிளில் ஓரமாக நின்று, செல்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு, 2 நிமிடம் நிறுத்தாமல் சொல்லுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எந்த வண்டி, எங்கே அடைப்பு, காரணம் என்ன, மாற்று வழி எது. முதல் நாள் 30ஆவது நொடியில் ‘வந்து… வந்து…’ என்று இழுப்பீர்கள். எண்ணிப் பாருங்கள். ஒரு பதிவில் ‘வந்து’ மூன்றுக்குக் கீழே வரும்வரை தினமும் செய்யுங்கள்.

‘கோம்லா’ என்றால் என்ன பொருள்? கானாக்காரர் பெயரெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, கோஃபி, குவாமே, குவாகு என்று? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ராணிப்பேட்டை)

அவை கிழமைப் பெயர்கள், ஐயா. கானாவின் அகான் மக்களும் எவே மக்களும் பிள்ளை பிறந்த கிழமையையே பெயராக வைக்கிறார்கள். அகான் மொழியில் ஆண் பிள்ளை ஞாயிறு பிறந்தால் குவாசி அல்லது க்வேசி, திங்கள் குவாஜோ, செவ்வாய் குவாபெனா, புதன் குவாகு, வியாழன் யாவ், வெள்ளி கோஃபி, சனி குவாமே. பெண்ணுக்கு அதே வரிசையில் அகோசுவா, அஜோவா, அபெனா, அகுவா, யா, அஃபுவா, அமா. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைப் பிள்ளை. கானாவை விடுதலைக்கு நடத்திய குவாமே நுக்ருமா சனிக்கிழமைப் பிள்ளை.

எவே மொழியில் இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறும். அதில் செவ்வாய்க்கு உரியது கோம்லா. 1972 அக்டோபர் 3 என்ன கிழமை என்று பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள், செவ்வாய்தான்.

செய்தி வாசிப்பவருக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. பெயரின் முதல் பாதி தெரிந்தால் ஆள் கானாக்காரரா, நைஜீரியரா என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். அடுத்த இடறல் எழுத்துக் கூட்டலில் வரும். அகான் பெயர்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்தாலும் ஆங்கில முறைப்படி ஒலிப்பதில்லை. ‘கே’யும் ‘ஒய்’யும் சேர்ந்தால் ‘ச்ச’ ஒலி. ‘ஜி’யும் ‘ஒய்’யும் சேர்ந்தால் ‘ஜ’. ‘எச்’சும் ‘ஒய்’யும் சேர்ந்தால் ‘ஷ’. கானாவின் கால்பந்து வீரர் அசமோவா ஜானை நம் ஊரில் பலர் ‘கியான்’ என்று வாசித்தது இதனால்தான்.

நைஜீரியாவின் யொரூபா மொழியில் இன்னும் நுட்பம். அது சுரம் ஏறி இறங்கும் மொழி. ‘ஒக்கொ’ என்ற ஒரே சொல், சமமாகச் சொன்னால் கணவன், கடைசி ஏறினால் மண்வெட்டி வகைக் கருவி, கடைசி இறங்கினால் வண்டி. இபாதானிலோ லாகோசிலோ யொரூபாச் செய்தி வாசிப்பவர் எழுத்தின் மேலும் கீழும் கோடும் புள்ளியும் இட்டே தாளைத் தயார் செய்ய வேண்டும். குறி விட்டுப்போனால் பொருள் போய்விடும்.

நம் எழுத்துக்கும் இதே மாதிரி ஒரு தொல்லை உண்டு. ‘கானா’ என்று எழுதியதை ‘கடை’யின் ‘க’ மாதிரி ஒலிப்பதா, ‘கங்கை’யின் ‘க’ மாதிரி ஒலிப்பதா? நாட்டின் பெயர் கங்கையின் ‘க’. டோகோவில் முதல் எழுத்து வல்லொலி, இரண்டாவது மெல்லொலி. பெனின், புர்கினா ஃபாசோ இரண்டிலும் ‘பந்து’வின் ப இல்லை, ‘பலூன்’ என்பதில் வரும் ப. மெல்லொலி வர வேண்டிய எழுத்தின் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நைஜீரியா வேறு, நைஜர் வேறு என்பதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நைஜர் நாட்டவரை ‘நைஜீரியர்’ என்று வாசித்தால் ஒரு நாட்டுச் செய்தி இன்னொரு நாட்டுக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் உருது பேசுவோம். தமிழ்ச் செய்தி வாசிக்க ஆசை. ‘உன் உச்சரிப்பு ஒத்து வராது’ என்கிறார்கள். (வாணியம்பாடி வாசகி)

ஒத்து வரும், அம்மா. டூமோர் பி.பி.சி.யிலும் கானாக்காரரின் ஆங்கிலத்தையே பேசினார். லண்டன்காரரைப் போலப் பேச முயலவில்லை. நைஜீரியத் தேசியத் தொலைக்காட்சியில் ஆங்கிலச் செய்தி வாசித்தவர்களின் வீட்டு மொழி ஹவுசா, இக்போ, யொரூபா என்று பலவகை. வீட்டு மொழியின் சாயல் குற்றம் இல்லை. பொருள் மாறும்படி எழுத்து மாறினால்தான் குற்றம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் உங்களிடம் அப்படிச் சொல்கிறார்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே கையில் இருப்பது: ஃப, ஸ, ஷ, மூச்சோடு வரும் ஹ, மெல்லொலிகள். நைஜீரியாவின் முன்னாள் அதிபர் முஹம்மது புஹாரியின் பெயரைத் தமிழை மட்டும் பேசி வளர்ந்தவரைவிட நீங்கள் சுத்தமாகச் சொல்வீர்கள். வடக்கு நைஜீரியப் பெயர்களில் பெரும்பகுதி அரபு வழி வந்தவை.

உழைக்க வேண்டியது ழ, ள, ண, ற. ‘ல’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் தொடும். ‘ள’வுக்கு நுனி வளைந்து அண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கு இன்னும் வளைந்து, ஆனால் தொடாமல் நிற்கும். தொட்டால் அது ‘ள’. இதுதான் மொத்த ரகசியமும். ‘வாலை, வாளை, வாழை’ என்று மூன்றையும் மெதுவாகப் பத்துமுறை சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவை உடனே கேட்காதீர்கள். மறுநாள் காலையில், எதைச் சொன்னீர்கள் என்பது மறந்த பிறகு, வேறொருவரைக் கேட்கவிட்டு எந்தச் சொல் என்று எழுதச் சொல்லுங்கள். அவர் சரியாக எழுதினால் தேறிவிட்டது. பிறகு குழம்பு–குளம்பு, வேலை–வேளை, பனி–பணி, அரம்–அறம். தினம் 20 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் செய்தால் நாக்கு களைத்துப் பழைய இடத்துக்கே திரும்பும்.

இந்தப் பாடம் உங்களுக்கு மட்டும் இல்லை. நம் பக்கத்தில் வீட்டில் தமிழே பேசுகிறவர்களும் ‘வாயப்பயம்’ என்பார்கள், ‘இஸ்துக்கினு வா’ என்பார்கள். அந்தப் பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஆனால் செய்தித் தாளில் ‘வாழை’ என்றும் ‘இழுத்து’ என்றும் இருப்பதை அப்படியே சொல்லப் பழக வேண்டும். எச்சரிக்கை ஒன்று: ழகரம் கைவந்த முதல் வாரத்தில் எல்லா ‘ள’வையும் ‘ழ’ ஆக்கிவிடும் பழக்கம் வரும். ‘பள்ளி’ பழ்ளியாகும், ‘அவர்கள்’ அவர்கழாகும். கேட்க இதுதான் அதிகம் உறுத்தும். அந்த வாரம் ‘ள’ மட்டும் உள்ள பத்தி ஒன்றைத் தனியாக வாசியுங்கள்.

ஆப்பிரிக்காவிலேயே முதல் தொலைக்காட்சி எது? முதல் செய்தி வாசிப்பாளர் பெண்ணா? (சோளிங்கர்)

இபாதான் நகரில் மேற்கு நைஜீரியத் தொலைக்காட்சி 1959 அக்டோபர் 31 அன்று தொடங்கியது. ‘ஆப்பிரிக்காவில் முதல்’ என்றே தன்னை அழைத்துக்கொண்டது. வட ஆப்பிரிக்காவில் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் அதற்கு முன்பே ஒளிபரப்பு நடந்திருக்கிறது. ஆகவே சகாராவுக்குத் தெற்கே முதல் என்பது சரி. திரையில் முதலில் தோன்றியவர் அனிக்கே அக்பாஜே வில்லியம்ஸ் என்ற பெண். அதே நிலையத்தில் சேர்ந்த ஜூலி கோக்கர் நைஜீரியாவின் முதல் பெண் செய்தி வாசிப்பாளராக அறியப்படுகிறார். கானா தொலைக்காட்சி 1965 ஜூலை 31இல் வந்தது. நம் சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15.

நைஜீரியத் தேசியத் தொலைக்காட்சியின் இரவு 9 மணிச் செய்தி நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30. கானா நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால்.

நாங்கள் கைலி நெய்கிறவர்கள். ஆப்பிரிக்கச் செய்தி வாசிப்பாளர்கள் கட்டுகிற துணியைப் பற்றிச் சொல்லுங்கள். கட்டம் போட்ட துணி டி.வி.யில் ஏன் நெளிகிறது? (குடியாத்தம்)

முதலில் உங்களுக்குப் பிடித்த செய்தி. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் மதராஸ் கட்டத் துணியை ‘இஞ்சிரி’ என்று பெயரிட்டுப் பரம்பரைச் சொத்தாக வைத்திருக்கிறார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அது வேண்டும். நைஜீரியாவின் தெற்கில் பெண்கள் விசேஷங்களுக்குக் கட்டும் ஒரு வகைத் துணிக்கு ‘ஜார்ஜ்’ என்று பெயர். சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் என்பார்கள்.

செய்தி மேசையில் பெண்கள் கோட்டும் போடுவார்கள், தலையில் ‘கெலே’ என்ற கட்டும் கட்டுவார்கள். ஆண்கள் அகலமான ‘அக்பாடா’ அங்கி அணிவதுண்டு. கானாவின் கெந்தே துணி ஏறத்தாழ நான்கு அங்குல அகலப் பட்டைகளாக நெய்து, பிறகு பக்கவாட்டில் தைத்துச் சேர்ப்பது. அதை நெய்கிற தறியின் குறுகலைப் பார்த்தால் நீங்கள் வியப்பீர்கள்.

இப்போது நெளிவு. கேமராவின் உள்ளே ஒளியை வாங்கும் புள்ளிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. துணியின் கோடுகள் அந்த அடுக்கின் இடைவெளிக்கு நெருங்கி வரும்போது இரண்டு கட்டங்களும் மோதி, துணியில் இல்லாத அலை ஒன்று தோன்றும். ஆள் மூச்சுவிட்டாலே அலை ஓடும். பொடிக் கட்டமும் மெல்லிய கோடும்தான் இதில் மாட்டும். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய கட்டம் தப்பிக்கும். கடையில் துணி எடுக்கும்போதே ஆறு அடி தள்ளி நின்று செல்பேசிக் கேமராவில் பாருங்கள், முன்னும் பின்னும் ஒரு அடி நகர்ந்து பாருங்கள். எந்தத் தூரத்திலாவது நெளிந்தால் அது வீட்டுக்குத்தான்.

கெலே மாதிரி உயரமான தலைக்கட்டுக்கு மூன்று இடைஞ்சல்: சட்டகத்தில் தலைக்கு மேல் இடம் குறையும், பின்விளக்கை மறைக்கும், காதை மூடினால் காதுக்கருவியில் துணி உரசி ஒலி கேட்காது. கட்டும்போதே காதுக்கருவியை மாட்டிவிட்டு அதன்மேல் கட்டினால் மூன்றாவது தீரும். நம் ஆரணிப் பட்டில் வேறு சிக்கல். சரிகைக் கரை விளக்கைத் திருப்பி அடிக்கும், பட்டு காலர் மைக்கில் சரசரக்கும். கரை தோளில் மடிந்து உள்ளே போகும்படி மடிப்பெடுங்கள். மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, புடவையில் குத்தாமல் ரவிக்கையின் விளிம்பில் குத்துங்கள். பின்னணி பச்சைத் திரையாக இருந்தால் பச்சைக் கரைகூட வேண்டாம். கரை இருக்கும் இடத்தில் வானிலை வரைபடம் தெரியும்.

உள்ளூர் கேபிளில் செய்தி வாசிக்கிறோம். பிராம்ப்டர் வாங்கப் பணம் இல்லை, தாளைப் பார்த்தால் குனிந்தே இருக்கிறது. நாமே செய்ய முடியுமா? (ஆற்காடு)

முடியும். பிராம்ப்டர் என்பது 45 பாகை சாய்ந்த ஒரு கண்ணாடி. கீழே எழுத்து ஓடும் திரை, கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. எழுத்து கண்ணாடியில் பட்டு வாசிப்பவருக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது.

வேண்டியவை: 10 அங்குல டேப்லெட் ஒன்று, அதைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிய கண்ணாடி, மரச்சட்டம், கறுப்புத் துணி. கண்ணாடிக் கடையில் 2 மில்லிமீட்டர் படச்சட்டக் கண்ணாடி கேளுங்கள். சன்னல் கண்ணாடி 4 மில்லிமீட்டர் இருக்கும். அதன் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகப் பிரதிபலித்து ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் எழுத்து ஒன்று விழும். தடிமன் குறையக் குறைய நிழல் ஒட்டிக்கொண்டு மறையும். அக்ரிலிக் தகடு வேண்டாம், நம் வெயிலில் வளையும், எழுத்து கோணும். சாதாரணக் கண்ணாடி பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பும். ஆகவே டேப்லெட்டின் வெளிச்சம் முழு அளவில் இருக்க வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி இருட்டாக மூடியிருக்க வேண்டும். துணியில் விரல்கடை இடைவெளி விட்டாலும் எழுத்து மங்கும். செயலியில் எழுத்தை இடவலம் திருப்பும் வசதியைப் போட மறக்காதீர்கள்.

உட்காரும் தூரம் 6 முதல் 8 அடி. கிட்டே வந்தால் விழி இடமிருந்து வலம் ஓடுவது திரையில் அப்படியே தெரியும். ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். வாசிக்கிற வரி லென்சுக்கு நேராக இருக்க வேண்டும், திரையின் அடியில் இருந்தால் பார்ப்பவருக்கு நீங்கள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்ப்பது போல இருக்கும்.

தமிழுக்கென்று சில. ‘நடைபெறவிருக்கிறதென்று’ என ஒட்டி எழுதினால் நாக்கு இடறும், ‘நடைபெற இருக்கிறது என்று’ எனப் பிரியுங்கள். 1,25,000 என்று எழுதாமல் ‘ஒரு லட்சத்து 25 ஆயிரம்’ என்று எழுதுங்கள். எண்ணைக் கண்டதும் மனம் கணக்குப் போட நிற்கும், அந்த அரை நொடி திரையில் திகைப்பாகத் தெரியும். அயல்நாட்டுத் தொகைகளை எழுதும்போதே மாற்றிவிடுங்கள்: ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி, ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. கானாவின் பணம் சீடி, நைஜீரியாவின் பணம் நைரா. கானாவில் 2007இல் 10,000 பழைய சீடியை 1 புதிய சீடியாக்கினார்கள், பழைய செய்தி எடுத்தாளும்போது இதைப் பார்க்க வேண்டும்.

வேகத்தைச் செயலியின் தானியங்கி ஓட்டத்துக்கு விடாதீர்கள். இங்கேதான் பெரும்பாலோர் விழுகிறார்கள். எழுத்து ஓடுகிறது என்று வாசிப்பவர் துரத்துவார், மூச்சு முட்டும், வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படும். ஒரு ஆள் கையால் ஓட்ட வேண்டும், அவர் வாசிப்பவரின் வாயைக் கேட்டு ஓட்ட வேண்டும். வாசிப்பவர் நின்றால் எழுத்தும் நிற்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்றால் காலால் அழுத்தும் ரிமோட் கிடைக்கிறது.

அச்சடித்த தாள் எப்போதும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கீழே நகர்த்துங்கள். மின்சாரம் போனாலோ டேப்லெட் உறைந்தாலோ நீங்கள் நிற்கும் இடம் அங்கே இருக்கும். அழகுக்காக அதை வைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். டேப்லெட்டையும் ஒரு விளக்கையும் யூ.பி.எஸ்.ஸில் இணையுங்கள்.

நான் கறுப்பு. கேமராவில் முகமே தெரியவில்லை, பவுடர் போட்டால் சாம்பல் பூசியது போல இருக்கிறது. (ஆம்பூர்)

குறை உங்கள் நிறத்தில் இல்லை, கேமராவை அமைத்தவரிடம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாகப் புகைப்படச் சுருளின் வண்ணத்தைச் சரிபார்க்க ‘ஷெர்லி அட்டை’ என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கின் எச்சம் இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. லாகோசிலும் அக்ராவிலும் கறுப்பு முகம் பளிச்சென்று தெரிவது எப்படி என்றால், அங்கே முகத்தை வைத்து அளக்கிறார்கள், சட்டையை வைத்து இல்லை.

கேமராவின் தானியங்கி வெளிச்சத்தை அணையுங்கள். வெள்ளைச் சட்டை போட்டால் தானியங்கி அந்த வெள்ளையைப் பார்த்து, லென்சில் ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கும், முகம் இருளும். வெள்ளைக்குப் பதில் சந்தன நிறம், வெளிர் நீலம் நல்லது. கேமராவில் சீப்ரா கோடு (குறித்த வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் திரையில் தெரியும் சாய்கோடு) இருந்தால், 70 என்ற அளவு வெளிர் தோலுக்கானது. மாநிறத்துக்கு 55 அளவிலும் நல்ல கறுப்புக்கு 45 முதல் 50 வரையிலும் கன்னம் வருமாறு துவாரத்தைத் திறக்க வேண்டும். முதன்மை விளக்கைக் கூர்மையாக அடிக்காமல் ஒரு பெரிய வெள்ளைத் துணியின் வழியே பாய்ச்சுங்கள். கறுப்புத் தோலில் வடிவம் தெரிவது பளபளப்பால்தான், விளக்கு பெரியதாக இருந்தால் பளபளப்பு அகலமாக, மென்மையாக விழும். பின்விளக்கு கட்டாயம். இல்லாவிட்டால் கருங்கூந்தல் இருண்ட பின்னணியில் கரைந்துவிடும்.

பவுடர்: ‘நிறமற்றது’ என்று விற்கிற வெண்பொடி விளக்கின் கீழ் சாம்பலாகத் தெரியும். உங்கள் தாடையின் நிறத்தோடு ஒத்த பொடியை வாங்குங்கள். கையில் பூசிப் பார்த்து வாங்க வேண்டாம், கையும் முகமும் ஒரே நிறம் இல்லை. கத்திரி வெயிலில் வியர்வையைத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றுங்கள். மின்விசிறியை ஒலிப்பதிவுக்காக நிறுத்துவீர்கள் என்பதால், நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை வைத்து எடுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஆட்சியைப் பிடிக்கிற ராணுவம் ஏன் முதலில் செய்தி நிலையத்துக்குப் போகிறது? (திருப்பத்தூர்)

அரசு நிலையம் ஒன்றே ஒன்றாக இருந்த காலத்தில், அதில் யார் குரல் கேட்கிறதோ அவரே அரசு என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1966 பிப்ரவரி 24 அன்று நுக்ருமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது கர்னல் கோட்டோக்கா கானா வானொலியில் ஆட்சி கவிழ்ந்ததை அறிவித்தார். நைஜீரியாவில் 1983 டிசம்பர் 31இல் ராணுவ அதிகாரி சானி அபாச்சாவின் குரல். பிறகு திரை வந்தது. புர்கினா ஃபாசோவில் 2022 ஜனவரி 24, நைஜரில் 2023 ஜூலை 26, இரண்டு முறையும் சீருடைக்காரர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றித் தாளை வாசித்தார்கள்.

வாசிப்பின் கோணத்தில் ஒரு சம்பவம் மறக்கக் கூடாதது. 1976 பிப்ரவரி 13 அன்று நைஜீரியத் தலைவர் முர்தலா முஹம்மதுவைக் கொன்ற கூட்டத்தின் லெப்டினன்ட் கர்னல் டிம்கா வானொலியில் ஊரடங்கை அறிவித்தார். காலை 6 முதல் மாலை 6 வரை என்றார். இரவு ஊரடங்கைச் சொல்ல வேண்டியவர் பகலை அடைத்துவிட்டார். அந்தக் கவிழ்ப்பு முயற்சி தோற்றுப்போனது. காலை–மாலை, முன்–பின், கிழக்கு–மேற்கு என்று இணையாக வரும் சொற்கள் தாளில் இருந்தால் வட்டம் போடுங்கள். கண் பழகிய சொல்லை நாக்கு தலைகீழாகச் சொல்வது எந்த மொழியிலும் நடக்கும்.

தவறாக வாசித்துவிட்டால் என்ன செய்வது? மன்னிப்புக் கேட்க வேண்டுமா? (அரக்கோணம்)

எந்தத் தவறு என்பதைப் பொறுத்தது. நாக்கு தடுக்கி, கேட்டவருக்குப் பொருள் புரிந்திருந்தால் நிற்காதீர்கள். பெயர், எண், இடம், இறந்தவரா உயிரோடு இருக்கிறாரா என்பது மாறியிருந்தால், அந்த வாக்கியத்தின் முடிவில் நிறுத்தி, ‘திருத்தம்’ என்று சொல்லி, சரியானதை மட்டும் ஒருமுறை சொல்லுங்கள். தவறான சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டாம், கேட்பவர் மனத்தில் அதுதான் நிற்கும். செய்தி முடிந்த பிறகுதான் தவறு தெரிந்தது என்றால் அடுத்த செய்தி அறிக்கையின் தொடக்கத்திலேயே திருத்துங்கள், கடைசியில் இல்லை.

இறந்தவரின் பெயரில் தவறு வந்தால் மட்டும் வருத்தம் தெரிவியுங்கள். அந்தக் குடும்பம் அன்று அந்த ஒரு வரிக்காகத்தான் தொலைக்காட்சியைப் போட்டிருக்கும். வாசிப்பதற்கு முன் அந்தப் பெயரை ஊரில் தெரிந்தவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு, இனிஷியலோடு எழுதிக்கொள்ளுங்கள்.